கேள்வித்தாளுக்கு யார் மார்க் போடுவது?

('மார்க் குறைந்தால் குற்றம் யாருடையது? பிள்ளையுடையதா? கேள்வித்தாளுடையதா?' என்ற தலைப்பில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த பட்டிமன்றத்தில், 'கேள்வித்தாளுடையதே' என்ற அணியில் பேசியது.)



நான் ராஜபாளையத்துக்காரன். பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து பேசுகிறேன். எங்க ஊருக்குப் பெருமை நாய். உங்க ஊருக்குப் பெருமை பால்கோவா. ஒண்ணு கடிக்கும்; இன்னொண்ணை நாம கடிக்கலாம். (சிரிப்பு) ஆகவே இன்றைக்கு நான் அங்கங்கே கடித்தால் ஊர்ப் பழக்கம் என்று பொறுத்துக் கொள்ளுங்கள்.

முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். கேள்வித்தாள் குறித்திருக்கிறேன், திருத்தியிருக்கிறேன், 'கேட்டது போதாது, இன்னும் கஷ்டமாக் கேளுங்க' என்று மற்றவர்களுக்கு யோசனையும் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு இந்த மேடையில் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறதே கேள்வித்தாள், அதற்கு நான்தான் அப்பா. பெற்ற பிள்ளை மேல் நானே சாட்சி சொல்ல வந்திருக்கிறேன் நடுவர் அவர்களே!

எதிரணித் தலைவி அம்மையார் என்ன சொன்னார்கள்? 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். பத்து மாசம் படித்ததை மூன்று மணி நேரத்தில் பார்த்தால் போதாதா?' என்று கேட்டார்கள். கைதட்டல் பிரமாதம். நானும் தட்டினேன். ஆனால் எங்கள் வீட்டில் இப்போது சோறு வடிப்பது நான். ஓய்வு பெற்றவன் நான், வேலைக்குப் போகிறவள் என் மனைவி. முதல் நாள் நானும் பழமொழிப்படி ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பார்த்தேன். பஞ்சு மாதிரி இருந்தது. இறக்கி வடித்தேன். அன்றைக்கு ராத்திரி அவள் சொன்னாள்: 'கரண்டியை விட்டு அடியிலேர்ந்து ஒரு கிண்டு கிண்டிட்டு எடுத்துப் பாக்கணுங்க. மேலாப்புல எடுத்தா வெந்த மாதிரிதான் தெரியும். அடியில அரிசியாக் கெடக்கு பாருங்க.' பழமொழி சொன்ன பெரியவர் 'கிண்டு' என்று சொல்லவில்லை. அவர் ஆம்பளையாத்தான் இருந்திருக்கணும். (சிரிப்பு, கைதட்டல்)

ஒரு தேர்வுக்கும் அந்தக் கிண்டல் வேண்டும். பத்துப் பாடம் உள்ள புத்தகத்தில் மூன்றே பாடத்திலிருந்து அறுபது மார்க்குக்குக் கேட்டால், அது கிண்டாமல் எடுத்த சோறு. அந்த மூன்றை மட்டும் உருப்போட்டவன் மேதை. மீதி ஏழையும் படித்தவன் மக்கு. இதைத் தடுக்கத்தான் கேள்வி எழுதுவதற்கு முன்னால் ஒரு கட்டம் போடச் சொன்னார்கள். நெடுக்கே பாடங்கள். குறுக்கே, எது வெறும் ஞாபகம், எது புரிதல், எது புதிய இடத்தில் பயன்படுத்துவது என்ற பிரிவுகள். ஒவ்வொரு கட்டத்துக்கும் இத்தனை மார்க். அதற்குப் பெயர் புளூபிரிண்ட். நல்ல ஏற்பாடு. ஆனால் நம் நாட்டில் அது எங்கே போய்ச் சேர்ந்தது? கேள்வி குறிக்கிறவருக்காக வந்தது, கைடு வழியாகப் பிள்ளைகள் கைக்குப் போனது. எதைப் படிக்கலாம் என்று பார்க்கவில்லை, எதை விடலாம் என்று பார்த்தார்கள். கொத்தனாருக்குக் கொடுத்த வீட்டுப் பிளானைத் திருடன் வாங்கிப் பார்த்த கதை! கடைசியில் அரசாங்கமே அதை எடுத்துவிட்டது.

சரி, கேள்வி சரியாகவே இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். திருத்துவது யார்? இந்த ஊர்ப் பெரியாழ்வார் கதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மதுரையில் பாண்டியன் சபை. கம்பத்தில் பொற்கிழி தொங்குகிறது. நந்தவனம் வைத்துப் பூத்தொடுத்துக் கொண்டிருந்தவர் போய்ப் பேசுகிறார். கம்பம் தானாக வளைந்து கிழி தாழ்ந்து வருகிறது. மறுகூட்டல் இல்லை, மறுமதிப்பீடு இல்லை. ஏனென்றால் அங்கே திருத்தியது கம்பம். இங்கே திருத்துவது மனுஷன்! முதல் பத்து விடைத்தாளுக்குக் காபி குடித்த தெம்பில் போடுகிற மார்க் வேறு. நாற்பதாவது தாளுக்கு இடுப்பு வலியோடு போடுகிற மார்க் வேறு.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பிலிப் ஹார்ட்டாக் என்று ஒரு வெள்ளைக்காரர். டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். நம் நாட்டுக் கல்வியைப் பற்றி 1929-இல் அறிக்கை கொடுத்த குழுவுக்குத் தலைவர். அவர் ஊருக்குத் திரும்பிய பிறகு, ரோட்ஸ் என்பவரோடு சேர்ந்து தேர்வுகளையே தேர்வு செய்து 1935-இல் முடிவை வெளியிட்டார். 15 வரலாற்று விடைத்தாள்களைத் தேர்வாளர்கள் திருத்தினார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து, அதே 15 தாள்களை அவர்களில் 14 பேரிடம் திரும்பக் கொடுத்தார்கள். மொத்தம் 210 தீர்ப்பு. அதில் 92 தீர்ப்பு மாறிப் போயிற்று! வேறு ஆள் திருத்தியிருந்தால் சரி, கருத்து வேறுபாடு என்று விட்டுவிடலாம். அதே ஆள், அதே தாள்! பாஸ் என்றவரே ஃபெயில் என்கிறார். ஃபெயில் என்றவரே பாஸ் என்கிறார். மாறியது பிள்ளையா? பிள்ளை எழுதி முடித்துவிட்டுப் போய் எத்தனையோ நாளாயிற்று.

இதைத்தான் நம்பகத்தன்மை என்று கல்வியியல் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரே மூட்டையை இரண்டு தரம் நிறுத்தால் தராசு ஒரே எடையைக் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் மூட்டையை அடிப்பீர்களா, தராசை மாற்றுவீர்களா? இன்னொன்று கேட்கிறேன். மறுமதிப்பீடு என்று ஒன்றை அரசாங்கமே பணம் கட்டச் சொல்லி வைத்திருக்கிறதே, அது எதற்கு? தராசு தவறும் என்று தராசுக்காரரே எழுதிக் கொடுத்த வாக்குமூலம் அது. எதிரணி நண்பர்கள் அதற்குப் பதில் சொல்லட்டும். (கைதட்டல்)

இன்னொரு பெரிய விஷயம் இருக்கிறது. தராசு தவறாமல் ஒரே எடையைக் காட்டுகிறது, ஆனால் நாம் அளக்க நினைத்ததை அது அளக்கவே இல்லை என்றால்? ஸ்ரீவில்லிபுத்தூர் பால் ஊர். இங்கே லாக்டோமீட்டரைப் பற்றிப் பேசினால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். பாலில் அதை மிதக்க விடுகிறோம். தண்ணீர் கலந்திருந்தால் கருவி கீழே இறங்கும். 'ஏம்ப்பா, தண்ணியை ஊத்திட்டியா?' என்று கேட்டு விடலாம். ஆனால் கைதேர்ந்த ஆள் ஒருத்தர் இருக்கிறார். அவர் முதலில் ஆடையை எடுத்து விடுகிறார். கொழுப்பு லேசான சரக்கு. அது போனதும் பால் கனத்து விடுகிறது, கருவி மேலே ஏறுகிறது. இப்போது அளவாகத் தண்ணீரை ஊற்றுகிறார். கருவி இறங்கி, சரியாக நல்ல பால் அளவில் வந்து நிற்கிறது! ஆடையும் போச்சு, தண்ணியும் சேர்ந்தாச்சு, கருவி 'சுத்தமான பால்' என்று சர்டிபிகேட் கொடுக்கிறது. கருவி பொய் சொல்லவில்லை நடுவர் அவர்களே. கனத்தைக் கேட்டோம், கனத்தைச் சொன்னது. நாம்தான் அதைத் தரம் என்று எடுத்துக்கொண்டோம். அதனால்தான் சொசைட்டியில் கொழுப்பையும் தனியாகப் பார்க்கிறார்கள்.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருகிறேன். விருதுநகர் மாவட்டம் தேர்ச்சி விகிதத்தில் பல்லாண்டுகள் மாநிலத்திலேயே முதலிடம். 2018-இல் பிளஸ் டூவில் 97.05 சதவீதம். 2023-இல் மாநிலம் முழுவதற்கும் 94.03, நமக்கு 97.85, மறுபடி முதலிடம். எனக்கும் அதில் பெருமை உண்டு. காலையில் விளக்கு வைத்துக்கொண்டு சிறப்பு வகுப்பு எடுத்தவர்களில் நானும் ஒருவன். அந்த மார்க் பட்டியலின் தலையில் ஒரு கோபுரம் இருக்கிறதே, அது எந்த ஊர்க் கோபுரம்? (கூட்டத்தில் 'நம்ம ஊரு' என்ற குரல்கள்) அப்படித்தான் நாமெல்லாம் படித்து வந்திருக்கிறோம். மதுரைக் கோபுரம் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. அந்தப் பட்டிமன்றத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம், நானே ராஜபாளையத்திலிருந்து வந்து உங்கள் பக்கம் பேசுகிறேன். (கைதட்டல்)

ஆனால் தேர்ச்சி விகிதம் என்பது லாக்டோமீட்டர். அதை மேலே ஏற்ற இரண்டு வழி. ஒன்று, பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது. இரண்டாவது வழி எந்த மாவட்டத்திலும் சில பள்ளிகளுக்குத் தெரியும். பத்தாம் வகுப்புக்குப் போகாமல் ஒன்பதிலேயே நிறுத்துவது. 'உங்க பிள்ளைக்கு இங்க சரிப்படாது' என்று டி.சி.யைக் கிழித்துக் கொடுப்பது. நூறு பேரில் பத்துப் பேரை முன்கூட்டியே கழித்துவிட்டு, 'எழுதிய தொண்ணூறு பேரும் பாஸ்' என்று வாசலில் போர்டு வைப்பது. போர்டு பொய்யா? இல்லை. அந்தப் பத்துப் பேர் எங்கே? அதைப் போர்டு சொல்லாது.

அறிவை அளக்கிற கதையும் இதே கதைதான். ஐ.க்யூ., ஐ.க்யூ. என்று பத்திரிகையில் போட்டு வீட்டுக்கு வீடு பிள்ளையைச் சோதிக்கிறோமே, அதை ஆரம்பித்தவர் ஆல்ஃபிரெட் பினே என்ற பிரெஞ்சுக்காரர், 1905-இல். எதற்காக ஆரம்பித்தார்? பாரிஸ் பள்ளிகளில் எந்தப் பிள்ளைக்கு கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிக்க. கைகொடுப்பதற்காகப் பிறந்த சோதனை அது. அமெரிக்காவுக்குப் போனதும் என்ன ஆயிற்று? முதல் உலகப் போரில், 1917 முதல், சுமார் 17 லட்சம் சிப்பாய்களுக்கு அறிவுச் சோதனை வைத்தார்கள். அதில் ஒரு கேள்வி: கிரிஸ்கோ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, சாப்பாட்டுச் சாமானா? கிரிஸ்கோ அவர்கள் ஊர் வனஸ்பதி. நேற்றுக் கப்பலில் வந்து இறங்கிய இத்தாலிக்காரனுக்கு அது எப்படித் தெரியும்? தெரியாதவனுக்கு மார்க் இல்லை, மார்க் இல்லாதவன் மந்தன். எல்லோரையும் கூட்டிப் பார்த்து, வெள்ளைச் சிப்பாய்களின் சராசரி மனவயதே 13 என்று கண்டுபிடித்தார்கள்! சிப்பாய்களுக்கு 13 வயசா, கேள்விக்கு 13 வயசா என்று எவரும் யோசிக்கவில்லை. (சிரிப்பு) நம் நாட்டில் காமத் என்பவர் 1934-இல் பினே சோதனையைக் கன்னட, மராத்திப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றி அமைத்தார். பினே–காமத் என்று ஆஸ்பத்திரிகளில் இன்றும் சொல்கிறார்களே, அது அதுதான். பிள்ளையைச் சட்டைக்குத் தகுந்தபடி வெட்டாமல், சட்டையைப் பிள்ளைக்குத் தகுந்தபடி வெட்டிய புண்ணியவான்.

'சரி வாத்தியாரே, கேள்வி நல்லதா கெட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?' என்று நடுவர் கேட்கிற மாதிரி பார்க்கிறார். உங்கள் ஊர்ப் பெண்பிள்ளை அன்றைக்கே வழி காட்டிவிட்டாள் ஐயா! மாலையை எடுத்து நேராகப் பெருமாளுக்கு அனுப்பினாளா? சூடிப் பார்த்தாள். கிணற்றுத் தண்ணீரில் அழகு பார்த்தாள். கண்ணாடிக் கிணறு என்று கோயிலில் இன்றும் காட்டுகிறார்களே! கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை போட்டுப் பார்ப்பது. (பலத்த கைதட்டல்) தேர்வு எழுதப் போகிற லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு முன்னால், வேறொரு சிறு கூட்டத்துக்கு அந்தக் கேள்வியைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

பார்த்துவிட்டு? அதற்கும் கணக்கு இருக்கிறது. நூறு தாளை மார்க் வரிசையில் அடுக்குங்கள். மேலே இருந்து 27, கீழே இருந்து 27 எடுங்கள். அது என்ன 27 என்றால், இரண்டு கூட்டமும் நன்றாக விலகியும் இருக்க வேண்டும், ஆளும் போதுமான அளவு இருக்க வேண்டும், இரண்டுக்கும் ஒத்துவருகிற இடம் அது என்று கெல்லி என்பவர் 1939-இல் கணக்குப் போட்டுச் சொன்னார். ஒரு கேள்விக்கு மேலே உள்ள 27 பேரில் 22 பேர் சரி, கீழே உள்ளவர்களில் 6 பேர் சரி என்றால் அது நல்ல கேள்வி. எல்லோரும் சரி என்றால் அது கேள்வியே இல்லை, வணக்கம் சொன்ன மாதிரி. ஆனால் மேலே உள்ளவர்கள் தப்பு, கீழே உள்ளவர்கள் சரி என்று ஒரு கேள்வி வந்தால்? அந்தக் கேள்வியில் ஏதோ கோளாறு. ஒன்று, விடைக்குறிப்பு தப்பு. இல்லை, நன்றாக யோசிக்கிற பிள்ளைக்குத்தான் அதில் இரண்டு அர்த்தம் தெரிகிறது. யோசிக்காதவனுக்கு ஒரே அர்த்தம்தான். யோசித்ததற்குத் தண்டனை!

இப்படி ஒரு கேள்வியை நான் எழுதியிருக்கிறேன் நடுவர் அவர்களே. அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்து விடுகிறேன்.

1994. ஒன்பதாம் வகுப்பு, முழுஆண்டுத் தேர்வு. பள்ளிக்கூடம் எது என்று கேட்க வேண்டாம். 'அடுத்த வருஷம் பத்தாவதுல நூற்றுக்கு நூறு காட்டணும், கொஞ்சம் இறுக்கிப் பிடிங்க சார்' என்று மேலேயிருந்து சொல்லியாயிற்று. நான் ஒரு கேள்வி குறித்தேன். 150 மீட்டர் நீளமுள்ள ரயில், மணிக்கு 54 கிலோமீட்டர் வேகம். 300 மீட்டர் நீளமுள்ள பிளாட்பாரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஐந்து மார்க். விடை 30 விநாடி. கணக்குப் புத்தகத்து ரயில் எந்த ஸ்டேஷனிலும் நிற்காது, உங்களுக்கே தெரியும்.

ஒரு பெண்பிள்ளை. அப்பா பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை. அவள் எழுதியிருந்த விடை 2 நிமிடம் 30 விநாடி. நான் விடைக்குறிப்பைப் பார்த்தேன், விடையைப் பார்த்தேன், சுழி போட்டேன். நடுவில் உள்ள வரிகளைப் பார்க்கவில்லை. ராத்திரி பதினோரு மணி, பக்கத்தில் இன்னும் ஒரு கட்டுத் தாள். மொத்தம் 32 வந்தது. பாஸுக்கு 35.

தாளைக் கொடுத்த அன்றைக்கு என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

'சார், இந்தக் கணக்கு தப்பா சார்?'

'தப்புத்தான். 30 விநாடி.'

'30 விநாடிதான் சார் வந்துச்சு. நம்ம ஸ்டேஷன்ல ரெண்டு நிமிஷம் நிக்கும்ல சார், அதையும் கூட்டிக்கிட்டேன்.'

தாளை வாங்கிப் பார்த்தேன். 54-ஐ விநாடிக்கு 15 மீட்டர் என்று மாற்றியிருக்கிறாள். 150-ஐயும் 300-ஐயும் கூட்டியிருக்கிறாள். வகுத்திருக்கிறாள். 30 விநாடி. அதற்குக் கீழே 'நிற்கும் நேரம் 2 நிமிடம்' என்று எழுதிக் கூட்டியிருக்கிறாள். வகுப்பில் மற்றவர்களெல்லாம் சூத்திரத்தைப் பார்த்தார்கள். இவள் ரயிலைப் பார்த்திருக்கிறாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'நிக்கும்னு கேள்வியில போட்டிருக்கா?' என்றேன்.

'நிக்காதுன்னும் போடலியே சார்.'

வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. 'எதிர்த்தா பேசுற? போய் உட்காரு' என்றேன். போய் உட்கார்ந்தாள். அந்த ஐந்து மார்க்கைப் போட்டிருந்தால் 37. வேண்டாம், படி மார்க்காக மூன்று போட்டிருந்தால் 35. மூன்று மார்க் போட எனக்கு மூன்று விநாடி ஆகியிருக்காது. பேசிவிட்டேன், இனி எப்படி மாற்றுவது என்ற வறட்டு கௌரவம். ஃபெயில் என்றே பட்டியல் போயிற்று. மே மாசம் அவள் அப்பா வந்தார். நான் நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. 'அதே வகுப்புல திரும்ப ஒரு வருஷம் எதுக்கு சார்? பொம்பளைப் பிள்ளைக்கு இம்புட்டுப் போதும்' என்று டி.சி. வாங்கிக்கொண்டு போனார். அந்த வருஷம் பத்தாம் வகுப்பில் எங்கள் பள்ளிக்கூடம் போர்டு வைத்தது.

போன வருஷம் பஸ் ஸ்டாண்டில் ஓர் அம்மா வந்து, 'சார், என்னைத் தெரியுதா?' என்றாள். தெரிந்தது. அவளுக்கு அந்தக் கணக்கு ஞாபகமே இல்லை. நான்தான் முப்பது வருஷமாக அந்த ரயிலைச் சுமந்துகொண்டு அலைகிறேன். மில்லில் நூல் சோதிக்கிற இடத்தில் வேலை என்றாள். என்ன வேலை தாயி என்று கேட்டேன். எல்லாக் கோனையும் பிரித்துப் பார்க்க முடியாதே, 120 கஜம் நூலைச் சுற்றி எடுத்து நிறுத்து நம்பர் பார்ப்போம், இழுத்து வலு பார்ப்போம் என்று விளக்கினாள். நாற்பதாம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கஜம் என்று கணக்கையும் வாயாலேயே போட்டாள். நான் கேட்டேன்: 'இழுக்கும்போது வலு குறைஞ்சு அறுந்துட்டா?'

'உடனே நூல் மட்டம்னு எழுத மாட்டோம் சார். மொதல்ல மெஷின் சரியா நிக்குதான்னு பாப்போம். அப்புறம் வேற ரெண்டு மூணு கோன் எடுத்துப் பாப்போம். ஒண்ணை வச்சு எழுதிட்டா ஒரு லாட்டே கழிஞ்சு போயிரும்ல?'

அவள் குத்திக் காட்டவில்லை. வேலையைச் சொன்னாள். 'மக பிளஸ் டூ எழுதுறா சார், கணக்கு மட்டும் பயமா இருக்குங்கா, ஒரு நா கூட்டிட்டு வரட்டுமா?' என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தப் பிள்ளை வந்தது. ஒரு நாள் ரயில் கணக்கு வந்தது. 'ரயில் எங்கும் நிற்கவில்லை எனில்' என்று கேள்வியில் என் கையாலேயே ஒரு வரி சேர்த்து எழுதிவிட்டுத்தான் கொடுத்தேன்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)